மாரியில் காசு, கோடையில் கடதாசி: திறைசேரிக்கு ஒரு திறந்த மடல்

நிதி அமைச்சையும் தன் கையில் வைத்திருக்கும் ஜனாதிபதி அவர்களுக்கும், திறைசேரிச் செயலாளருக்கும், வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும்,

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவள் நான். உறுதிச்சீட்டு எழுதியும் காசேடு பார்த்தும் மாதம் தவறாமல் வங்கி இணக்கக்கூற்றுத் தயாரித்தும் போன ஆயுள். அதனால் இந்த மடலில் அழுகை குறைவாகவும் கணக்கு அதிகமாகவும் இருக்கும்.

2025 ஏப்ரலில் வைப்புப் பணத்தின் வட்டியில் பிடிக்கிற வரியை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினீர்கள். அடுத்த வீட்டு அக்காவுக்கு வயது 74. கணவர் இல்லை. விற்ற காணித்துண்டின் காசை ஒரு வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, அந்த வட்டியில்தான் மருந்தும் சாப்பாடும். மாத வருமானம் 150,000 ரூபாவுக்குக் குறைந்தவர்கள் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. சரி, அதை நான் நிரப்பிவிடுவேன். “வரி இலக்கம் எடுத்தீங்களா அன்ரி? அது இல்லாமல் இதை எடுக்க ஏலாது” என்றாள் அங்கிருந்த பிள்ளை. வரி கட்டவே தேவையில்லாத ஒரு கிழவி, தேவையில்லை என்று காட்டுவதற்கு முதலில் வரி இலக்கம் எடுக்க வேண்டும். மூன்று முறை அலைந்தோம். அதற்குள் இரண்டு மாத வட்டியில் வரி பிடிபட்டுவிட்டது. பிடித்ததைத் திருப்பி எடுக்க வேறொரு வழி இருக்கிறதாம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, “விடு பிள்ளை, எனக்குக் கால் ஏலாது” என்றுவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சீனி. 2020 ஒக்டோபர் 13. இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வர்த்தகப் பண்ட வரி 25 சதமாகக் குறைந்தது. ரூபா இல்லை, சதம். ஒரே ஒரு வர்த்தமானி அறிவித்தல். யாரும் வரிசையில் நிற்கவில்லை, யாரிடமும் பிரகடனம் கேட்கவில்லை. கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவும் இல்லை. அரசுக்குப் போன நட்டம் 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவே சொன்னது. அந்தக் காசை யாராவது திருப்பிக் கட்டினார்களா?

இந்த நாட்டின் வரவு செலவுக் கணக்கில் எனக்குள்ள வழக்கு இதுதான். உள்ளே வருகிற ஒவ்வொரு சதத்துக்கும் படிவம் உண்டு, வெளியே விட்டுக்கொடுக்கிற கோடிகளின் கணக்கு எங்களைப் போன்றவர்களின் கண்ணில் லேசில் படுவதில்லை.

பற்றாக்குறைக்கு நம் கணக்குத் தமிழில் ‘துண்டு விழும் தொகை’ என்று பெயர். சட்டைத் துணியில் துண்டு விழுந்தால் தையற்காரர் கையைக் குறைத்துத் தைப்பார். துணியை ஏற்கெனவே யார் வெட்டி எடுத்தது என்று அவர் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டும். 2019 கடைசியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கினார்கள். சம்பளத்தில் பிடிக்கிற உழைக்கும்போதே செலுத்தும் வரியை எடுத்துவிட்டார்கள். மாதம் 10 இலட்சம் ரூபா வியாபாரம் செய்தால் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 250 இலட்சமாக உயர்த்தினார்கள். அதற்கு யாரும் ஊர்வலம் போய்க் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 2021 இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவிரவாக வரிசையில் நின்ற கதை உங்களுக்கும் தெரியும்.

2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், இந்தப் பொருளாதார நெருக்கடிக்கு அன்றைய ஜனாதிபதியும் அவரது சகோதரர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் திறைசேரியின் உயர் அதிகாரிகளும் பொறுப்பு, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் கட்டச் சொன்னது மனுதாரரின் வழக்குச் செலவாக 150,000 ரூபா. நட்டஈட்டை மனுதாரர்கள் கேட்கவில்லை என்பது சட்டத்தின் நியாயம், எனக்கு விளங்குகிறது. ஆனால் மிச்சத்தைக் கட்டுவது யார்? அதற்கு விடை வற் வரியில் இருக்கிறது. 2022 இல் 12, பிறகு 15, 2024 ஜனவரி 1 முதல் 18. அதே நாளில் சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் வற் வலைக்குள் வந்தன. வரி வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு மறைமுக வரி. அதாவது கொழும்பில் மாடிவீட்டுக்காரரும் எங்கள் ஊரில் கருவாடு விற்கிற பெண்ணும் ஒரு சிலிண்டருக்கு ஒரே வரி.

வரியே வேண்டாம் என்று கேட்க நான் வரவில்லை. 2023 இல் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் ஏறத்தாழ 80 ரூபா வட்டிக்கே போனது. அந்தக் கணக்கைப் பார்த்த எவரும் இலவசம் கேட்க மாட்டார். சர்வதேச நாணய நிதியத்தைத் திட்டுவதிலும் எனக்கு ஆர்வம் இல்லை. கடன் கொடுத்தவன் கேட்பான். ஆனால் 2023 மார்ச்சில் அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் வற் விலக்குகளை நீக்குவதோடு சொத்து வரியும் இருந்தது. 2025 இல் அது வந்திருக்க வேண்டும். வற் உரிய நாளில் வாசலில் வந்து நின்றது. சொத்து வரிக்கு மட்டும் ஏனோ நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் தங்கையின் மகள் வவுனியாவில் ஒரு தனியார் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் அவள் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அதுதான் அவளது முதுமை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட ஆண்டில் அந்த நிதி அவளுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அதே காலத்தில் கையில் ரொக்கம் இருந்தவர்கள் 30 சதவீத வட்டிக்குத் திறைசேரி உண்டியல், அதாவது அரசின் குறுங்காலக் கடன் பத்திரம், வாங்கினார்கள். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, தொடவில்லை. தொட்டால் வங்கி விழும் என்றார்கள். சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் முறிகளை முதலில் 12, பிறகு 9 சதவீதம் தருகிற நீண்டகால முறிகளாக மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் அந்த நிதிகளின் முறி வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்றும் சொன்னார்கள். வங்கி விழக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இவள் விழுந்தால் சத்தம் கேட்காது என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். “பெரியம்மா, உங்கட ஆக்கள்தானே கணக்குப் போட்டது” என்று அவள் என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இதற்குச் சாட்சி நானே.

நமது நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. வடக்கிலும் கிழக்கிலும் மழைக்காலம் ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. இந்த இரண்டு வசனங்களையும் திறைசேரியில் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கீட்டுக் கடிதம் வரும், காசு வராது. சித்திரையில் மதிப்பீடு கேட்பார்கள். ஆனியில் திருத்திய மதிப்பீடு. ஆவணியில், கட்டுநிதி (செலவுக்குத் திறைசேரி கையில் விடுகிற காசு) போதாது, அவசர வேலைக்கு மட்டும் செலவழிக்கவும் என்று சுற்றறிக்கை. குளக்கட்டு காய்ந்து வெடித்துக் கிடக்கிற, வீதி வேலைக்கு மிகவும் தோதான நான்கு மாதமும் இப்படிக் கடதாசியோடு போய்விடும். பிறகு கார்த்திகையில், வானம் கறுத்த பிறகு, கட்டுநிதி வரும். டிசம்பர் 31 க்குள் முடிக்காவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள், ‘உங்களுக்குச் செலவழிக்கத் தெரியாது’ என்று.

அப்புறம் என்ன நடக்கும்? மழையில் கொங்கிறீட் போடுவோம். ஓர் ஆண்டு, கிராமத்து ஒழுங்கை ஒன்றுக்கு டிசம்பர் 27 இல் கொங்கிறீட் போட்டார்கள். மேலே தறப்பாள் பிடித்துக்கொண்டு ஆறு பேர் நின்றார்கள். ஒப்பந்தக்காரருக்கும் தெரியும், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் தெரியும், உறுதிச்சீட்டு எழுதிய எனக்கும் தெரியும், அது நிற்காது என்று. 31 ஆம் திகதி இரவு ஒன்பது மணிவரை காசோலை எழுதினோம். கந்தோருக்கே கொத்துரொட்டி எடுத்துத்தந்தார் கணக்காளர். இரண்டாவது மாரியில் அந்த ஒழுங்கையின் மேல்தோல் உரிந்துவிட்டது. வேலை செய்ய முடியாத தலைப்புகளில் மிஞ்சிய காசுக்குப் பிளாஸ்ரிக் கதிரை வாங்கினோம். முந்திய ஆண்டு வாங்கிய கதிரைகளில் பாதி இன்னும் பொலித்தீன் பிரிக்காமல் களஞ்சியத்தில் இருந்தன. கணக்காய்வு வினா வந்தது. ‘நிதியாண்டு முடிவுக்குள் செலவிடும் அவசியம் கருதி’ என்று பதில் எழுதினேன். அந்த வசனத்தை என் சேவைக்காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு கந்தோரில் கதிரை, ஒழுங்கை. நாடு முழுவதும் எத்தனை கந்தோர்? இது களவு அல்ல. யாரும் ஒரு சதம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதனாலேயே யாரும் பிடிபடுவதில்லை. 2024 ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் தொகைக்கு மட்டும் வேலி போட்டு, மாதத்துக்கு வேலி போடாமல் விட்டால், அந்த 13 இலும் ஒரு பங்கு ஒவ்வொரு மார்கழியும் வெள்ளத்தோடு போகும்.

முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025 இல் சட்டம் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். எங்கள் வீட்டிலும் கைதட்டினோம். தட்டிவிட்டு நான் கணக்குப் பார்த்தேன். மனதுக்கு ஆறுதல், திறைசேரிக்குச் சில்லறை. பெரிய காசு வேறு இடத்தில் இருக்கிறது. நெல் அடுக்கி வைக்கிற அளவுக்கு வெறிச்சோடிய, தெற்கில் உள்ள மத்தள விமான நிலையத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். எங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது.

போர் முடிந்தது 2009 மே மாதம். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே சொன்ன எண்கள் இவை: இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 200,783, அதை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைப்போம். எங்கு வந்து நிற்கிறீர்கள் என்று ஒவ்வொரு வரவு செலவுத் திட்ட உரையிலும் ஒரு வசனம் சொல்லலாமே. வலிகாமம் வடக்கில் என் பெரியம்மாவின் காணி 1990 இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழை எது வைத்தாலும் வரும் செம்மண். ஊர்க் காணிகள் பல விடுபட்டுவிட்டன, அவரது காணி இன்னும் உள்ளே. காணி உரிமை என்ற வழக்கை வேறு மடலில் பேசலாம், இங்கே வரவு செலவு மட்டும். விளைந்து, சந்தைக்குப் போய், வரி தரவேண்டிய நிலத்தில், வரிக்காசில் சம்பளம் வாங்குகிறவர்கள் காவல் நிற்கிறார்கள். சில இடங்களில் தோட்டமும் செய்கிறார்கள், காங்கேசன்துறையில் விடுதியும் நடத்துகிறார்கள். அந்த வருமானம் அரசின் எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது? கணக்குப் பகுதியில் இருந்தவள் என்பதால் கேட்கிறேன். சீருடையில் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தெற்கில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களை நடுத்தெருவில் விடச் சொல்லவில்லை. விலகுகிறவர்களின் இடத்தை நிரப்பாமல் விடுங்கள், விரும்புகிறவர்களுக்கு மேசன், மின்சாரம், இயந்திரத் தொழில் பழக்கி வெளியே அனுப்புங்கள். இன்று மேசன் கூலி கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

சரி, கேட்பதை நேராகக் கேட்டுவிடுகிறேன்.

வட்டியில் பிடிக்கிற வரியை 65 வயது கடந்தவர்களின் வைப்புக்கு ஓர் எல்லைவரை தானாகவே விடுங்கள். பிறந்த திகதி வங்கியின் கணினியிலேயே இருக்கிறது, கிழவி நடக்கத் தேவையில்லை. எல்லைக்கு மேல் உள்ளவர்களிடம் 10 என்ன, கூடவும் எடுங்கள். சமையல் எரிவாயுவின் வற் வரியைப் பாதியாக்குங்கள். இதனால் குறைகிற காசை எங்கே எடுப்பது என்றும் சொல்கிறேன். இரண்டாவது வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் குடியிருக்கும் முதல் வீட்டைத் தொடாமல், இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்கும் வெறுங்காணியாக மதில் கட்டி வைத்திருக்கும் நகரக் காணிக்கும் சொத்து வரி போடுங்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் குடியேறிய எங்கள் ஆட்களின் பூட்டிய வீடுகளும் அதில் அகப்படும், என் சொந்தக்காரர் சிலர் என்னோடு கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

அரசு விட்டுக்கொடுத்த வரிகளின் பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து மூன்று மொழியிலும் பாராளுமன்றத்தில் வையுங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு. 2021 இல் வந்த கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் 40 ஆண்டுவரை வரிவிலக்குக் கொடுக்க இடம் வைத்தார்கள். இன்று பிறக்கிற குழந்தைக்குப் பேரப்பிள்ளை கிடைக்கிற காலம் அது. பெயரும் தொகையும் இல்லாமல் புதிய விலக்கு எதுவும் கொடுக்காதீர்கள். வர்த்தமானியால் ஒரு வரியை இறக்கினால், 30 நாளுக்குள் பாராளுமன்றத்துக்கு இழப்புக் கணக்கு வரவேண்டும், கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரோடு.

மூலதன வேலைக்கான கட்டுநிதியில் பாதியையாவது மார்ச் முடிவுக்குள் மாவட்டங்களுக்கு அனுப்புங்கள். தொடங்கிய வேலையின் காசை அடுத்த மார்ச் 31 வரை கையில் வைத்திருக்க விடுங்கள். அதுவும் முடியாவிட்டால், வடக்கு கிழக்கில் ஒக்டோபர் 15 க்குப் பிறகு மண், கொங்கிறீட், தார் வேலைக்குக் காசு விடமாட்டோம் என்று சுற்றறிக்கை ஒன்றாவது போடுங்கள். டிசம்பரில் தளபாடம் வாங்குவதைத் தடை செய்யுங்கள். இந்தச் சுற்றறிக்கைக்கும் தடைக்கும் நாணய நிதியத்தின் அனுமதியும் தேவையில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை.

சேமலாப நிதி உறுப்பினர்கள் மறுசீரமைப்பில் இழந்தது எவ்வளவு என்று மத்திய வங்கியைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடுங்கள். அரசிடம் முதன்மை மிகை (வட்டியைச் சேர்க்காத செலவு போக வருமானத்தில் மிஞ்சுவது) வருகிற ஆண்டுகளில் அதில் ஒரு பங்கை அந்தக் கணக்குகளில் வரவு வையுங்கள். 2024 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்கு மேல் முதன்மை மிகை வந்ததாக நீங்களே சொன்னீர்கள். அது யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதும் அந்தக் கணக்கில் தெரியட்டும். இராணுவ ஆளணி எண்ணையும், திருப்பிக் கொடுத்த காணி, கொடுக்கவேண்டிய காணி எத்தனை ஏக்கர் என்பதையும், இராணுவத்தின் தோட்ட, விடுதி வருமானத்தையும் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதினால் தமிழில் எழுதுங்கள். என் சேவைக்காலத்தில் கொழும்பிலிருந்து வந்த சிங்களச் சுற்றறிக்கைகளை, மொழிபெயர்த்துத் தரும் ஒருவரைத் தேடி இன்னொரு கந்தோருக்குத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். இப்போது எனக்கும் கால் ஏலாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்